புதுசு வந்திருக்கா? டெர்மினலில் யாரைக் கேட்பது

நிரலின் மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்கும் கருவியான கிட்டில் புதிதாக வந்த ஒரு வசதி உங்களுக்கு வேண்டும். டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளம் ஓடும் கணினியில் டெர்மினலைத் திறந்து அப்டேட் கட்டளையைத் தட்டுகிறீர்கள். எல்லாப் பேக்கேஜும் (நிறுவத் தயாராகக் கட்டிய மென்பொருள்) புத்தம் புதிதாகத்தான் இருக்கின்றன, செய்வதற்கு ஒன்றுமில்லை என்று பதில் வருகிறது. நிம்மதியாகக் கிட்டின் பதிப்பைப் பார்த்தால் 2.39 என்கிறது. அந்த வரிசை தொடங்கியது 2022 டிசம்பரில். அதற்குப் பிறகு கிட் பத்துப் பதிப்புகளுக்கு மேல் தாண்டிப் போய்விட்டது. அப்படியானால் டெர்மினல் பொய் சொல்கிறதா?

பொய் இல்லை. நாம் கேட்க நினைத்தது ஒன்று, அது புரிந்துகொண்டது வேறு. "இதைவிடப் புதுசு இருக்கா?" என்று நாம் உலகத்தைப் பார்த்துக் கேட்கிறோம். கட்டளை அதை, "என்னிடம் உள்ள பட்டியலில், நான் எடுக்க அனுமதி உள்ள இடங்களில், இதைவிடப் பெரிய எண் உண்டா?" என்று சுருக்கிக்கொள்கிறது. பட்டியல் யாருடையது, எப்போது எடுத்தது என்று அது தானாக வந்து சொல்லாது. புதிதாக டெர்மினலுக்கு வருகிறவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். கட்டளைகளை மனப்பாடம் செய்வதைவிட, ஒவ்வொரு கட்டளையும் யாரிடம் போய்க் கேட்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

கேட்கக்கூடியவர்கள் நான்கு பேர். உங்கள் வட்டில் சேமித்து வைத்த பட்டியல் ஒன்று. நீங்கள் பயன்படுத்தும் வெளியீட்டின் களஞ்சியம், அதாவது பேக்கேஜ்கள் இருக்கும் இணையச் சேமிப்பகம், இரண்டாவது. அதே விநியோகத்தின் (டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் தொகுப்பின்) மற்ற வெளியீடுகள் மூன்றாவது. மென்பொருளை எழுதியவர்களே நான்காவது. நால்வரும் வெவ்வேறு எண் சொல்லலாம், நான்குமே உண்மையாகவும் இருக்கலாம்.

தொடங்கும் முன் ஒரு ஏற்பாடு. கட்டளைகளை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் தனியாகச் சொல்கிறேன். டெபியன், உபுண்டு குடும்பத்தை வைத்து விரிவாகப் பேசிவிட்டு மற்றவற்றுக்குப் போகலாம். ஒன்று பிடிபட்டால் மற்றவை பேர் மாற்றம்தான்.

பட்டியல் உங்கள் வட்டில் இருக்கிறது

ஆப்ட் என்பது டெபியனின் பேக்கேஜ் மேலாளர்; 'சூடோ' என்றால் நிர்வாகி உரிமையோடு ஓட்டு என்று பொருள். 'சூடோ ஆப்ட் அப்டேட்' என்ற கட்டளை எந்த மென்பொருளையும் புதுப்பிப்பதில்லை. பெயரைப் பார்த்து ஏமாறாதவர் குறைவு. அது களஞ்சியத்திலிருந்து பட்டியலை மட்டும் இறக்கி '/வார்/லிப்/ஆப்ட்/லிஸ்ட்ஸ்' என்ற கோப்புறையில் வைக்கிறது. எந்தெந்தப் பேக்கேஜ், எந்தப் பதிப்பு, எவ்வளவு அளவு, எதைச் சார்ந்தது என்ற விவரம் மட்டும்தான் அதில் இருக்கும். மென்பொருளை உண்மையில் மாற்றுவது 'சூடோ ஆப்ட் அப்கிரேட்'.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி உண்டு. வைஃபையை அணைத்துவிட்டு 'ஆப்ட் சர்ச் கிட்' என்று தட்டிப் பாருங்கள். இணையமே இல்லாமல் நீண்ட பட்டியல் ஓடும். தேடல் நடந்தது உங்கள் வட்டிலேயே. அதனால் கடைசியாக அப்டேட் ஓட்டி இரண்டு மாதம் ஆகியிருந்தால், நீங்கள் தேடுவது இரண்டு மாதத்துக்கு முந்தைய உலகத்தில். தனிப் பெட்டிக்குள் மென்பொருளை ஓட்டும் டாக்கரில் டெபியன் பிம்பத்தை (தயாராகக் கட்டிய நகலை) எடுத்து உடனே எதையாவது நிறுவப் போனால் "அப்படி ஒரு பேக்கேஜைக் கண்டுபிடிக்க முடியவில்லை" என்று வருவதும் இதனால்தான். அந்தப் பிம்பங்களில் இடத்தை மிச்சப்படுத்தப் பட்டியலைக் காலியாகவே விட்டிருப்பார்கள். முதலில் அப்டேட் ஓட்டினால் போதும்.

பட்டியல் புதிதான பிறகு 'ஆப்ட் லிஸ்ட் --அப்கிரேடபிள்' என்று கேட்டால், நிறுவியிருப்பவற்றில் எவற்றுக்குப் புதிய பதிப்பு காத்திருக்கிறது என்று வரிவரியாகச் சொல்லும். ஒவ்வொரு வரியிலும் புதிய எண் முன்னால் இருக்கும், இப்போது உங்களிடம் உள்ள எண் கடைசியில் அடைப்புக்குள் இருக்கும். அன்றாடத்துக்கு இது போதும்.

'ஆப்ட் சர்ச்' பற்றி ஒரு முணுமுணுப்பு. அது பெயரில் மட்டும் தேடாமல் விளக்கத்திலும் தேடும். 'கிட்' என்ற மூன்று ஆங்கில எழுத்து 'டிஜிட்டல்' என்ற சொல்லுக்குள்ளும் ஒளிந்திருக்கிறது. பிறகு கேட்கவா வேண்டும், சம்பந்தமே இல்லாத நூற்றுக்கணக்கான பேக்கேஜ்கள் கொட்டும். '--நேம்ஸ்-ஒன்லி' என்று சேர்த்தால் பெயரோடு நிறுத்திக்கொள்ளும். சரியாக அந்தப் பெயர் மட்டும் வேண்டுமென்றால் தேட வேண்டியதே இல்லை, 'ஆப்ட் ஷோ கிட்' என்று நேரே விவரம் கேட்கலாம்.

ஒரு பேக்கேஜின் ஜாதகம்

தேடல் கட்டளைகளில் எனக்கு மிகவும் பிடித்தது 'ஆப்ட் பாலிசி'. நிறையப் பேர் தொடுவதே இல்லை, அது ஏனென்று எனக்குப் புரிந்ததில்லை. 'ஆப்ட் பாலிசி கிட்' என்று தட்டினால் டெபியன் 12 கணினியில் ஏறக்குறைய இப்படி வரும்:

கிட்:
  இன்ஸ்டால்டு: 1:2.39.5-0+டெப்12யு2
  கேண்டிடேட்: 1:2.39.5-0+டெப்12யு2
  வெர்ஷன் டேபிள்:
  *** 1:2.39.5-0+டெப்12யு2 500
        500 புக்வோர்ம்/மெயின் களஞ்சியத்தின் முகவரி
        100 /வார்/லிப்/டிபிகேஜி/ஸ்டேட்டஸ்

புக்வோர்ம் என்பது டெபியன் 12-இன் செல்லப்பெயர். முதல் வரி உங்களிடம் இருப்பது. இரண்டாவது வரி, இப்போது நிறுவச் சொன்னால் ஆப்ட் எதைத் தேர்ந்தெடுக்கும் என்பது. இரண்டும் ஒன்றாக இருந்தால் ஆப்ட்டைப் பொறுத்தவரை வேலை முடிந்தது. அடியில் வரும் அட்டவணையில், பட்டியலில் தென்படும் எல்லாப் பதிப்புகளும் அவை எங்கிருந்து வருகின்றன என்பதும் இருக்கும். மூன்று நட்சத்திரம் போட்ட வரி நிறுவியிருப்பது. கடைசி வரியில் உள்ள 'ஸ்டேட்டஸ்' கோப்பு களஞ்சியம் அல்ல, உங்கள் கணினியில் என்ன இருக்கிறது என்று, ஆப்ட்டுக்கு அடியில் நிறுவும் வேலையைச் செய்யும் டிபிகேஜி எழுதி வைத்திருக்கும் கணக்கு.

500, 100 என்ற எண்கள் முன்னுரிமை. சாதாரணக் களஞ்சியத்துக்கு 500. ஏற்கெனவே நிறுவியிருப்பதற்கு 100. இந்த வெளியீட்டிலிருந்துதான் வேண்டும் என்று நீங்கள் குறிப்பிட்டால் அதற்கு 990. சோதனைக்காக வைத்திருக்கும் எக்ஸ்பெரிமென்டல் களஞ்சியத்துக்கு வெறும் 1. ஆப்ட் முதலில் முன்னுரிமையைப் பார்க்கும், அது சமமாக இருந்தால்தான் எந்தப் பதிப்பு பெரியது என்று பார்க்கும். ஆகவே அட்டவணையில் ஒரு புதிய பதிப்பு கண்ணெதிரே இருந்தும் கேண்டிடேட் வரியில் பழசே நின்றால் பதற வேண்டாம். புதுசுக்கு முன்னுரிமை குறைவு, அவ்வளவுதான்.

எல்லாவற்றையும் ஒரே பார்வையில், சுருக்கமாகப் பார்க்க 'ஆப்ட் லிஸ்ட் -ஏ கிட்' அல்லது 'ஆப்ட்-கேஷ் மேடிசன் கிட்'. இரண்டாவது அழகாகப் பத்தி பிரித்துக் காட்டும். ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்கள் இதைத்தான் பயன்படுத்த வேண்டும். வெறும் 'ஆப்ட்' கட்டளையின் வெளியீட்டு வடிவம் எப்போது வேண்டுமானாலும் மாறலாம் என்று அதுவே எச்சரிக்கை அச்சடிக்கும்.

அந்த எண்ணைப் படிப்பது எப்படி

'1:2.39.5-0+டெப்12யு2' என்பதைப் பார்த்தால் யாரோ விசைப்பலகை மேல் உட்கார்ந்துவிட்டது போல இருக்கும். மூன்றாகப் பிரித்தால் தெளிந்துவிடும்.

முக்காற்புள்ளிக்கு முன்னால் உள்ள 1, ஈபோக். ஒரு திட்டம் ஆண்டை வைத்து 2019 என்று எண் போட்டுவிட்டுப் பிறகு மனம் மாறி 1.0 என்று தொடங்கினால், கணினிக்கு 1.0 பழசாகத் தெரியும். அப்போது '1:1.0' என்று முன்னால் ஒரு எண்ணைப் போட்டு, "இனி இதுதான் பெரியது" என்று அறிவிப்பார்கள். ஒருமுறை போட்டால் போட்டதுதான், திரும்ப எடுக்க முடியாது.

நடுவில் உள்ள 2.39.5 மென்பொருளை எழுதியவர்கள் கொடுத்த எண். சிறு கோடுக்குப் பின்னால் வருவது டெபியன்காரர்கள் சேர்த்தது. 'டெப்12யு2' என்றால் டெபியன் 12-க்காக வந்த இரண்டாவது திருத்தம். நடு எண் பழசாக இருப்பதாலேயே பாதுகாப்பு ஓட்டைகளும் பழசாக இருக்கின்றன என்று பொருள் இல்லை. நிலையான வெளியீட்டில் புதிய பதிப்பை ஏற்றாமல், புதியதில் செய்த திருத்தத்தை மட்டும் எடுத்துப் பழையதில் ஒட்டுவார்கள். ஒட்டியது தெரிவது இந்தக் கடைசித் துண்டில். எதையெல்லாம் ஒட்டினார்கள் என்று பார்க்க 'ஆப்ட் சேஞ்ச்லாக் கிட்'. பாதுகாப்பு ஸ்கேனர் ஒன்று "உங்கள் பதிப்பு ஆபத்தானது" என்று சிவப்பாகக் காட்டினால், நடு எண்ணை மட்டும் பார்த்துத்தான் அது அலறுகிறதா என்று முதலில் இங்கே வந்து சரிபாருங்கள்.

2.39 ஏன் என்ற கேள்விக்கும் இப்போது வருவோம். அது 2022 டிசம்பரில் வந்தது. டெபியன் 12-ஐ உறையவைக்கும் வேலை 2023 ஜனவரியில் படிப்படியாகத் தொடங்கியது. உறைநிலைக்குப் பிறகு புதிய பதிப்புகளை எளிதில் உள்ளே விட மாட்டார்கள். வெளியீடு 2023 ஜூன் 10. அதற்குச் சில நாள் முன்பே, ஜூன் 1-ஆம் தேதி, கிட் 2.41 வந்திருந்தது. பிறந்த அன்றே டெபியன் 12 இரண்டு பதிப்பு பின்தங்கியிருந்தது. அது கவனக்குறைவு அல்ல. எதுவும் சட்டென்று மாறாது என்ற வாக்குறுதிக்குக் கொடுக்கும் விலை அது.

எண்களை ஒப்பிடும்போது இன்னும் இரண்டு பொறிகள். 1.9, 1.10 இரண்டில் எது புதுசு? பள்ளிக் கணக்கில் 1.9 பெரியது. பதிப்பெண்ணில் புள்ளி தசமம் அல்ல, வெறும் பிரிப்பான். 9-க்கு அடுத்தது 10, ஆக 1.10 தான் புதுசு. வெறும் 'சார்ட்' கட்டளையில் வரிசைப்படுத்தினால் 1.10 முன்னால் போய் நிற்கும். 'சார்ட் -வி' என்று பெரிய எழுத்து வி கொடுத்தால் சரியாக வரும்.

இரண்டாவது பொறி அலைக்குறி. '1.0~ஆர்சி1' என்பது 1.0-வைவிடப் பழையது. நீளமாக இருப்பதால் பெரிதாகத் தோன்றும், ஆனால் டெபியன் விதிப்படி அலைக்குறி வந்தால் அதற்குப் பின்னால் ஒன்றுமே இல்லாததைவிடவும் அது சிறியது. வெளியீட்டுக்கு முந்தைய சோதனைப் பதிப்புகளை இறுதிப் பதிப்புக்குக் கீழே வைக்கச் செய்த தந்திரம் இது. சந்தேகம் வந்தால் டிபிகேஜியையே நடுவராக்கலாம்: 'டிபிகேஜி --கம்பேர்-வெர்ஷன்ஸ் 1.0~ஆர்சி1 எல்டி 1.0 && எக்கோ ஆம்'. 'எல்டி' என்றால் சிறியதா என்ற கேள்வி. நடுவர் வாய் திறந்து பேச மாட்டார், வெளியேறும்போது தரும் குறியீட்டில்தான் தீர்ப்பு. அதனால்தான் பின்னால் 'எக்கோ'.

பெரிய எண்ணுக்குள் பழைய சரக்கு

பெரிய எண் என்றால் புதிய நிரல் என்ற நம்பிக்கையை உடைத்த ஒரு எண் இருக்கிறது. 2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்ற போஸ்ட்கிரெஸ் தரவுத்தள நிரலாளர், எக்ஸ்இசட் என்ற சுருக்கும் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ திட்டமிட்டு ஒரு பின்கதவை வைத்திருப்பதை வெளியிட்டார். தொலைவிலுள்ள கணினிக்குள் போக உதவும் எஸ்எஸ்ஹெச் வழியாக உள்ளே நுழைய ஏறக்குறைய அரை நொடி கூடுதலாக ஆகிறதே என்று தோண்டப் போய் அவர் கண்டுபிடித்தது அது. டெபியனின் நிலையான வெளியீட்டுக்கு அந்தப் பதிப்புகள் வந்திருக்கவில்லை. புதுசை உடனுக்குடன் வாங்கிக்கொள்ளும் டெஸ்டிங், அன்ஸ்டேபிள் கிளைகளில் ஏறியிருந்தன.

இப்போது டெபியன்காரர்களுக்கு ஒரு சிக்கல். 5.4.5-க்குத் திரும்பிப் போக வேண்டும். ஆனால் ஆப்ட் பின்னோக்கிப் போகாது, 5.6.1 வைத்திருக்கும் கணினிக்கு 5.4.5 கொடுத்தால் அது பழசு என்று ஒதுக்கிவிடும். ஈபோக் போட்டால் காலத்துக்கும் அதைச் சுமக்க வேண்டும். அவர்கள் வெளியிட்ட எண் இது: '5.6.1+ரியலி5.4.5-1'. பார்க்க 5.6.1-ஐவிடப் பெரியது, உள்ளே இருப்பது 5.4.5. "மேலே எழுதியிருப்பதை நம்பாதே, உண்மையில் இது அது" என்று எண்ணுக்குள்ளேயே ஒப்புதல் வாக்குமூலம். இப்படி 'ரியலி' போட்ட எண்ணை எங்காவது பார்த்தால் ஏதோ ஒன்றைத் திரும்பப் பெற்றிருக்கிறார்கள் என்று புரிந்துகொள்ளலாம்.

பக்கத்து வெளியீட்டில் இருக்கிறதா

உங்கள் பட்டியலில் இல்லையென்று உறுதியான பிறகு அடுத்தவரிடம் போவோம். டெபியன் 12-இல் 2.39. டெபியன் 13-இல் என்ன? அதற்காக இன்னொரு கணினி வேண்டாம். 'டெவ்ஸ்கிரிப்ட்ஸ்' என்ற பேக்கேஜை நிறுவினால் 'ஆர்மேடிசன்' என்ற கட்டளை கிடைக்கும். முன்னால் பார்த்த மேடிசனின் உறவுதான், ஆனால் இது உங்கள் வட்டைப் பார்க்காமல் இணையம் வழியாக நேரே களஞ்சியத்தின் கணக்கைக் கேட்கும். 'ஆர்மேடிசன் கிட்' என்றால் ஒவ்வொரு வெளியீட்டிலும் எந்தப் பதிப்பு என்று கோடு போட்ட பத்திகளாக வரும். டெபியன் 12-க்கு நேரே 2.39 வரிசை, டெபியன் 13-க்கு நேரே 2.47 வரிசை. '-யூ உபுண்டு' என்று சேர்த்தால் அந்தப் பக்கம் போய்க் கேட்கும்: 22.04-இல் 2.34, 24.04-இல் 2.43.

பக்கத்து வெளியீட்டில் இருக்கிறது என்று தெரிந்ததும் வரும் ஆசை, அந்தக் களஞ்சியத்தின் முகவரியை நம் பட்டியலில் சேர்த்துவிடுவது. சேர்க்காதீர்கள். புதிய பேக்கேஜ் புதிய நூலகங்களை (பல மென்பொருள்கள் பகிர்ந்துகொள்ளும் நிரல் தொகுப்புகளை) கேட்கும், அவை அடிப்படை சி நூலகத்தின் புதிய பதிப்பைக் கேட்கும், அதை மாற்றினால் கணினியில் உள்ள ஒவ்வொன்றும் அதன் மேல்தான் நிற்கிறது. இப்படி இரண்டு வெளியீடுகளை ஒட்டுப்போட்ட கணினிக்கு டெபியன்காரர்களே 'ஃபிராங்கன்டெபியன்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நான் ஒருமுறை இப்படி ஒன்றை உருவாக்கினேன். வேண்டியிருந்தது ஒரே ஒரு சின்னக் கருவி. கடைசியில் வட்டை அழித்து முதலிலிருந்து நிறுவினேன்.

இதற்கென்றே உள்ள முறையான வழி பேக்போர்ட்ஸ். அடுத்த வெளியீட்டுக்குத் தயாரான பேக்கேஜை எடுத்து, உங்கள் வெளியீட்டின் நூலகங்களோடு மீண்டும் கட்டித் தருவார்கள். டெபியன் 12-உடன் வந்த கெர்னல் (இயங்குதளத்தின் மையக்கரு) 6.1. அதன் பேக்போர்ட்ஸில் 6.12 கிடைத்தது. அந்தக் களஞ்சியத்தைச் சேர்த்தாலும் எதுவும் தானாக மாறாது, ஏனென்றால் அதன் முன்னுரிமை 100 தான். கேட்டால்தான் வரும்: 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் -டி புக்வோர்ம்-பேக்போர்ட்ஸ்' என்று எழுதிப் பின்னால் பேக்கேஜ் பெயர். இவற்றின் எண் '~பிபிஓ12+1' என்று முடியும். அந்த அலைக்குறியின் வேலை இப்போது உங்களுக்கே தெரியும். நாளை டெபியன் 13-க்கு மாறும்போது, அங்குள்ள அசல் பேக்கேஜ் இதைவிடப் புதியதாகக் கணக்கிடப்பட்டு தானாக மேலே வந்து அமர்ந்துகொள்ளும்.

எழுதியவரையே கேட்பது

விநியோகங்களை எல்லாம் தாண்டி, மூலத்தில் கடைசிப் பதிப்பு என்ன? உலாவியைத் திறக்கத் தேவையில்லை. திட்டம் கிட்டில் பராமரிக்கப்பட்டால், நிரலை இறக்காமலேயே அதன் பதிப்புச் சீட்டுகளை மட்டும் கேட்கலாம்: 'கிட் எல்எஸ்-ரிமோட் --டேக்ஸ் --சார்ட்=-வி:ரெஃப்நேம்', பிறகு களஞ்சியத்தின் முகவரி. புதியது மேலே வரும்படி வரிசைப்படுத்தித் தரும். மேலே 'ஆர்சி' என்று முடியும் சீட்டு இருந்தால் அது சோதனைப் பதிப்பு, அதற்குக் கீழே பாருங்கள்.

டெபியன் பேக்கேஜ்களைப் பராமரிக்கிறவர்கள் இதே வேலைக்கு 'யுஸ்கேன்' என்ற கருவியை வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு பேக்கேஜிலும் 'வாட்ச்' என்ற சிறு கோப்பில், மூலத்தின் புதிய வெளியீட்டை எங்கே போய்ப் பார்ப்பது என்று எழுதியிருக்கும். மேக்கில் ஹோம்ப்ரூ என்ற பேக்கேஜ் மேலாளரின் 'ப்ரூ லைவ்செக்' செய்வதும் இதைத்தான்.

மற்ற வீடுகளில்

ஃபெடோராவில் 'டிஎன்எஃப் செக்-அப்டேட்'. புதுசு இருந்தால் 100 என்ற குறியீட்டோடு வெளியேறும், இல்லையென்றால் 0, பிழையென்றால் 1. பிழை வந்தால் உடனே நிற்கும்படி எழுதிய ஸ்கிரிப்ட் ஒன்றில் இதைப் போட்டால், அப்டேட் இருக்கிறது என்ற நல்ல சேதிக்கே ஸ்கிரிப்ட் செத்துவிழும். கிடைக்கும் எல்லாப் பதிப்பையும் பார்க்க 'டிஎன்எஃப் லிஸ்ட் --ஷோடூப்ளிகேட்ஸ்'. ஓப்பன்சூசேயில் 'ஸிப்பர் லிஸ்ட்-அப்டேட்ஸ்'.

ஆர்ச் லினக்ஸில் பேக்மேன் என்ற பேக்கேஜ் மேலாளர். அங்கே எழுத்தின் அளவு முக்கியம். தேட, கோடு போட்டுப் பெரிய எஸ், சிறிய எஸ். புதுசு காத்திருப்பதைப் பார்க்கப் பெரிய க்யூ, சிறிய யூ. ஆனால் இதுவும் வட்டில் உள்ள பட்டியலைத்தான் பார்க்கிறது. சரி, பட்டியலை மட்டும் புதுப்பித்துவிட்டுப் பார்ப்போமே என்று தோன்றும். ஆர்ச்சில் அது ஆபத்து. பட்டியல் புதிது, கணினி பழசு என்ற நிலையில் அடுத்து ஒரே ஒரு பேக்கேஜை நிறுவினாலும், அது இல்லாத புதிய நூலகத்தைத் தேடி உடையும். 'பேக்மேன்-கான்ட்ரிப்' பேக்கேஜில் உள்ள 'செக்அப்டேட்ஸ்' கட்டளை பட்டியலைத் தற்காலிகமாக வேறு இடத்தில் இறக்கி, அசலைத் தொடாமல் பார்த்துச் சொல்லும். அதைப் பழகிக்கொள்ளுங்கள்.

மேக்கில் 'ப்ரூ அவுட்டேட்டட்'. தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும் செயலிகளை அது கணக்கில் காட்டாது, '--கிரீடி' சேர்த்தால் காட்டும். விண்டோஸில் 'விங்கெட் அப்கிரேட்' என்று மட்டும் தட்டினால் எதையும் மாற்றாமல் பட்டியல் தரும், பெயர் பயமுறுத்தினாலும். ஸ்னாப் என்ற பேக்கேஜ் முறையில் 'ஸ்னாப் இன்ஃபோ' தட்டினால் ஸ்டேபிள், கேண்டிடேட், பீட்டா, எட்ஜ் என்று நான்கு தடங்களிலும் என்ன ஓடுகிறது என்று ஒரே இடத்தில் தெரியும். எனக்குத் தெரிந்து இவ்வளவு வெளிப்படையான பதில் வேறு யாரும் தருவதில்லை.

மொழிகளின் கடை

பைத்தானுக்கும் ஜாவாஸ்கிரிப்ட்டுக்கும் தனித்தனிப் பேக்கேஜ் மேலாளர்கள். இவை வட்டில் பட்டியல் வைத்துக்கொள்வதில்லை, ஒவ்வொரு முறையும் இணையத்தில் போய்க் கேட்கும். பைத்தானின் 'பிப் லிஸ்ட் --அவுட்டேட்டட்' நேரம் எடுப்பது அதனால்தான். பழைய பாடங்களில் 'பிப் சர்ச்' என்று ஒன்று வரும். பைத்தான் பேக்கேஜ்கள் இருக்கும் பைபிஐ தளத்தின் மேல் தாங்க முடியாத சுமை விழுந்ததால் 2020 டிசம்பரில் அதை நிறுத்திவிட்டார்கள், பிறகு திரும்ப வரவே இல்லை. ஒரு பேக்கேஜின் பதிப்புகளை மட்டும் பார்க்க 'பிப் இண்டெக்ஸ் வெர்ஷன்ஸ்' இருக்கிறது.

ஜாவாஸ்கிரிப்ட்டின் என்பிஎம் கொஞ்சம் நுணுக்கம். 'என்பிஎம் அவுட்டேட்டட்' காட்டும் பத்திகளில் கவனிக்க வேண்டியவை மூன்று: கரண்ட், வாண்டட், லேட்டஸ்ட். உங்கள் திட்டக் கோப்பில் '^1.2.3' என்று எழுதியிருந்தால், 2.0-க்குப் போகாமல் 1-க்குள்ளேயே எவ்வளவு புதுசு கிடைத்தாலும் சரி என்று பொருள். அந்த எல்லைக்குள் கிடைப்பது வாண்டட். எல்லையைத் தாண்டி இருப்பது லேட்டஸ்ட். ஒரே வரியில் வாண்டட் 1.9.4, லேட்டஸ்ட் 3.0.1 என்று நின்றால் முதலாவதை ஏற்றுவது பெரும்பாலும் பயமற்ற வேலை. இரண்டாவதற்கு உங்கள் நிரலில் எதை மாற்ற வேண்டியிருக்கும் என்று படித்துவிட்டுத்தான் போக வேண்டும்.

இன்னொன்று, இங்கே 'லேட்டஸ்ட்' என்பது கணக்குப் போட்டுக் கண்டுபிடித்த பெரிய எண் அல்ல. வெளியிடுகிறவர் ஒரு பதிப்பின் மேல் ஒட்டிய சீட்டு. அவர் பெரிய எண்ணை 'நெக்ஸ்ட்' என்ற சீட்டில் வைத்துவிட்டு, சிறிய எண்ணுக்கு 'லேட்டஸ்ட்' ஒட்டியிருக்கலாம். 'என்பிஎம் வியூ', பிறகு பேக்கேஜ் பெயர், பிறகு 'டிஸ்ட்-டேக்ஸ்' என்று தட்டினால் எல்லாச் சீட்டும் தெரியும்.

கண்டுபிடித்தாயிற்று, இப்போது நிறுவலாமா? ஆப்ட்டில் 'இன்ஸ்டால்' சொல்லுக்குப் பின்னால் '-எஸ்' என்று சிறிய எஸ் சேர்த்து ஒத்திகை பாருங்கள். எதையும் தொடாமல், என்ன செய்யப் போகிறது என்று மட்டும் ஒப்பிக்கும். அதில் 'இன்ஸ்ட்' என்று தொடங்கும் வரிகளை அவசரமாகப் படித்தாலும் பரவாயில்லை. 'ரெம்வ்' என்று தொடங்கும் வரிகள் நீக்கப் போகிறவை, அவற்றை ஒவ்வொன்றாகப் படியுங்கள். ஒரு புதிய கிட்டுக்காக உங்கள் டெஸ்க்டாப் சூழலையே தூக்கப் போகிறேன் என்று அது சொன்னால், ஒத்திகையோடு நிறுத்திக்கொண்டு 2.39-லேயே வேலையைத் தொடரலாம்.